ஸ்டோர் காலி

எளாவூர்
22.1.2024

மாப்பிள்ளை அன்புசெல்வன் அவர்களுக்கு,

துளசிராமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நவரை நடவு முடிந்தது. ஓசூரில் என் தங்கை சுமலதாவும் மருமகள் நந்தினியும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்களையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கை புருஷனை விட்டுவிட்டு விசாரித்தால் மரியாதையாக இருக்காது என்று வீட்டுக்காரி கன்னியம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

பதினாறு வருடமாக இல்லாத கடிதம் இப்போது எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்களாக வாயைத் திறந்து முதலில் பேசும்வரை உங்களோடு பேசமாட்டேன் என்று நந்தினியின் காதுகுத்து அன்று சொன்னேன். அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. முதலில் உங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் தபால்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்காலையில் மின்கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கிண்டியில் நம் கம்பெனி என்னை வெளியே அனுப்பி, உங்களை வைத்துக்கொண்ட பிறகு எனக்குக் கிடைத்த வேலை அது. இந்த ஆலைக்குள் மாதம் ஒருமுறை ஒரு அறக்கட்டளையின் எக்ஸ்ரே வண்டி வரும். தூசியில் வேலை செய்கிறவர்களின் நெஞ்சைப் படமெடுத்து, அதைச் சுருக்கி, ஒரு சின்னக் கருவியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் சென்னையிலுள்ள டாக்டருக்கு அனுப்பும். சென்ற வியாழன் பாதி வரிசையில் கருவி நின்றுவிட்டது. வண்டியை நடத்தும் ஜெபா என்ற பெண் என்னிடம் வந்து, "சார், மாசா மாசம் இதே பேஜாருதான். நீங்களாச்சும் வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். திரையில் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் நின்றது: ஸ்டோர் காலி.

அதை எழுதியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான்.

நினைவிருக்கும். படம் சுருக்கும் நிரலில் எந்தப் பகுதிக்கு நினைவகம் தேவைப்பட்டாலும் அது நேராக இயந்திரத்திடம் கைநீட்டக் கூடாது, ஒரே ஒரு ஸ்டோர்கீப்பரைத்தான் கேட்க வேண்டும் என்று அமைத்தவன் நான். அந்த ஸ்டோர்கீப்பரை எந்த இயந்திரத்துக்குக் கொண்டுபோனாலும் அதனோடு ஒட்டவைக்கும் சின்னப் பகுதியை எழுதியவர் நீங்கள். இடம் தீர்ந்தால் வரவேண்டிய செய்தியாக அந்த இரண்டு சொல்லை விளையாட்டாகப் போட்டோம். மேனேஜர் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டோம் என்று சொன்னோம். அது கைமாறிக் கைமாறி இந்த வண்டிவரை வந்திருக்கிறது. கருவியை விற்றவர்கள் கடையை மூடிவிட்டார்கள். நிரலின் மூலப்பிரதி மட்டும் ஜெபாவிடம் இருக்கிறது.

வரிசையில் முதலில் நிரந்தரத் தொழிலாளிகள். பிறகு கிரேன், லாரி ஓட்டும் ஒப்பந்தத் தொழிலாளிகள். கடைசியில் கம்பி உருட்டும் கூடத்தைப் பெருக்கும் பெண்கள். அவர்கள் முறை வருவதற்குள் கருவி நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால், அது சூடேறித் தன்னைச் சரிபார்த்துக்கொள்வதற்குள் வண்டிக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிடும். முத்தம்மா என்று ஒருத்தி போன ஆடியிலிருந்து இருமுகிறாள். முகாமில் எடுத்த படம் இருந்தால்தான் ஆலை வைத்தியச் செலவை ஏற்கும். அவளுக்கு இன்றுவரை படம் இல்லை.

கோளாறு உங்கள் பகுதியில்தான் என்பது என் எண்ணம். பதில் போட மனமிருந்தால் போடலாம்.

உறவு விட்டுப்போகாத குறைக்கு,
துளசிராமன்

*

ஓசூர்
5.2.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு சுமலதா வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டாள். "ஸ்டோர் காலி" என்ற இடத்தை அவளுக்குக் காட்டியதும்தான் மூச்சு விட்டாள். நாங்கள் மூவரும் இருக்கிறோம். நந்தினி பிளஸ் டூ. உங்களைப் போலவே கணக்கில் புலி, கோபத்திலும்.

நீங்கள் பேசமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு அது எனக்கும் வசதிதான். எழுத்திலேயே வைத்துக்கொள்வோம்.

கோளாறு என் பகுதியில்தான் இருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் நான் எழுதிய கோளாறாக இருக்காது. புதிய இயந்திரத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் தங்கள் இயந்திரத்துக்குத் தகுந்தாற்போல் எழுதிக்கொள்ள வேண்டும். அதில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஸ்டோர்கீப்பர் கேட்பான்: "எவ்வளவு இடம் மீதி இருக்கிறது?" அதற்கு அந்த இயந்திரம் உண்மையைச் சொல்ல வேண்டும். குறைவு என்று தெரிந்தால் ஸ்டோர்கீப்பர் படத்தை முழுதாக வைத்துக்கொள்ள மாட்டான். வேண்டிய கீற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதியை டிஸ்க்கில், மெமரி கார்டில், எங்காவது கோப்பாக இறக்கிவிடுவான். மெதுவாக நடக்கும், ஆனால் நிற்காது. இப்படி எழுதியதே நீங்கள்தான். எனக்குப் பாடம் நடத்துகிறானே என்று பல்லைக் கடிக்க வேண்டாம்.

அந்தக் கேள்விக்கு வண்டியிலிருக்கும் கருவி என்ன பதில் சொல்கிறது என்று பார்த்து, அந்த வரிகளை அச்செடுத்து அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். குளிரில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று சுமலதா கேட்கிறாள்.

அன்புசெல்வன்

*

எளாவூர்
17.2.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே சுகம். முழங்கால் வலி எனக்குத்தான், கன்னியம்மாவுக்கு இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கு எது வலிக்கிறது என்று எனக்கும் தெரியாது, அதனால் குற்றம் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்து அனுப்பியிருந்தீர்கள். நான் கைவலிக்க எழுதுகிறேன். பதினாறு வருடம் கழித்து ஒரு பக்கம் கையால் எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. போகட்டும். அலுவலகத்தை எப்போது விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதையும் சொல்லவில்லை. அதுவும் போகட்டும். உங்களையும் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிடம்தான்.

அந்த வரிகளைப் பார்த்தேன். அச்சு இத்துடன் இருக்கிறது. "எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கேட்டால், "நீ கேட்ட அவ்வளவும் இருக்கிறது" என்று பதில் சொல்கிறது. எதைக் கேட்டாலும் அதே பதில். பெரிய கம்ப்யூட்டருக்கு எழுதிய பதிலை யாரோ அப்படியே தூக்கி இந்தச் சோப்புப்பெட்டிக் கருவியில் வைத்திருக்கிறார்கள். வீட்டில் குந்துமணி அரிசி இல்லாதவன் ஊரையே விருந்துக்குக் கூப்பிட்ட கதை.

பிப்ரவரி முகாமும் நேற்று முன்தினம் அப்படியே முடிந்தது. பெண்களை முதலில் விடச் சொல்லிப் பர்சனல் ஆபீசரிடம் போனேன். "இன்னா சார் நீங்க, பர்மனென்ட்டு நிக்கும்போது கான்ட்ராக்ட்ட உட்டா யூனியன்காரன் என்ன சும்மா உடுவானா? அதுவும் இல்லாம ஷிப்டு முடியாம அதுங்க எப்டி வரும்?" என்றார். முத்தம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா சார், எங்க மொறை வர்றப்போ மட்டும் அது படுத்துக்குது? எங்க நெஞ்ச பாத்தா மெஷினுக்கே பயமா கீதா?" என்றாள். சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நீண்ட நேரம் நிற்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "ஒரு நாளு போனா ஒரு நாளு கூலி போச்சு. போயும் அவங்க மருந்து குடுத்துட்டா, யாரு சார் கூலி குடுத்து ஊட்ல ஒக்கார வெப்பா?" என்கிறாள். முகாம் படம் இருந்தால் விடுப்பும் உண்டு, மருந்தும் உண்டு.

விரைவில் எழுதுங்கள். ஒரு போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம். போட உங்களுக்கு மனமில்லை, எடுக்க எனக்குத் தடையில்லை.

துளசிராமன்

*

ஓசூர்
4.3.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமே நாடுவேன் என்றெல்லாம் எழுதினால் இதையும் அச்சில் போட்டான் என்பீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் உள்ள அட்டையில் ஒட்டியிருக்கும் சின்ன மெமரி கார்டை உடைக்காமல் எடுங்கள். சுமலதா பிரசாதம் அனுப்புவதுபோல் மஞ்சள் தாளில் மடித்து ஒட்டியிருக்கிறாள். அதில் திருத்திய பகுதி இருக்கிறது. இனி கருவி உண்மையைச் சொல்லும். இடம் குறைந்தால் படத்தின் மீதியைக் கருவிக்குள் இருக்கும் மெமரி கார்டில் இறக்கும். ஸ்டோர்கீப்பரை நான் தொடவில்லை. அது உங்களுடையது. தொட்டிருந்தால் நீங்கள் எழுதும் வசவு ஒரு பக்கத்தில் அடங்காது.

இந்தச் சில வரிகளை எழுத எனக்கு நாள் கொஞ்சம் அதிகமாகவே பிடித்தது. மன்னிக்கவும். இப்போதெல்லாம் எதையும் அவசரப்படுத்த முடிவதில்லை.

அலுவலகம் விட்டதைக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் இருக்கிறேன். நேரம் நிறைய இருக்கிறது. நந்தினிக்குக் கணக்குச் சொல்லித்தர முயல்கிறேன். அவள்தான் எனக்குச் சொல்லித் தருகிறாள்.

மார்ச் முகாம் எப்படிப் போனது என்று எழுதுங்கள். முத்தம்மா படம் விழுந்ததா என்று மறக்காமல் எழுதுங்கள். சுமலதா தினமும் கேட்கிறாள்.

அன்புசெல்வன்

*

எளாவூர்
23.3.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம் கேட்கும் நிலையில் நான் இல்லை. அங்கே இருப்பீர்கள்.

முகாம் முடிந்தது. காலையிலேயே நின்றுவிடும் கருவி இந்த முறை மதியம் தாண்டியும் ஓடியது. நிரந்தரக்காரர்கள் முடிந்தார்கள். கிரேன்காரர்கள் முடிந்தார்கள். ஷிப்டு மாறியது. பெண்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு, முடியிலிருந்த இரும்புத்தூளை உதறிக்கொண்டு வந்து நின்றார்கள். முத்தம்மா முதல் ஆளாக ஏறினாள். வளையலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பலகையில் நெஞ்சை வைத்தாள். ஜெபா பொத்தானை அழுத்தினாள். அப்புறம் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சார், பழையபடி நின்னுகினுது."

அதே இரண்டு சொல்.

முத்தம்மா வளையலை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். கேலி செய்திருந்தால் எனக்குத் தேவலாமாக இருந்திருக்கும்.

நான் உங்களை நம்பியது தப்பு. நீங்கள் எதையும் பாதியில் விடுகிறவர்தான். காதுகுத்துக்குத் திருத்தணிக்கு நான் பட்டுப்பாவாடையும் தோடும் சீர்த்தட்டுமாகப் புறப்பட்டு, எளாவூர் சோதனைச்சாவடியில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டேன். தாய்மாமன் வரட்டும் என்று கொஞ்சம் பொறுத்திருக்கலாம். எங்கள் பெரியப்பா மகன் கலியன் மடியில் குழந்தையை உட்காரவைத்து வேலையை முடித்துவிட்டீர்கள். அதைக்கூட விட்டிருப்பேன். நான் தட்டோடு வியர்த்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைகிறேன், சபையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள்: "மச்சான் எப்பவுமே லேட்டுதான்பா. ஆபீஸ்லயே அப்டிதான். அதான் அனுப்சிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தோடு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

அன்று அவ்வளவு பேசிய வாய் இப்போது எங்கே போனது? ஒரு போன் போட்டு, "மச்சான், இன்னும் எங்கயோ ஓட்டை இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்" என்று சொல்ல வாயிருந்தால் சொல்லும். இல்லையென்றால் இதோடு விடும்.

துளசிராமன்

*

எளாவூர்
29.4.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சித்திரை பிறந்து பாதியாகிறது. பதில் இல்லை. சுமலதா வருடப்பிறப்புக்கும் கன்னியம்மாவைப் போனில் கூப்பிடவில்லை. அப்படி அவள் இருந்ததில்லை.

போன கடிதத்தில் சில வரிகள் கொஞ்சம் காரமாக விழுந்திருக்கலாம். கன்னியம்மா அதைத் தபாலில் போடுவதற்கு முன்பே படித்துவிட்டு, "இன்னாயா, எல்கேஜி பசங்க மாரி காய் உட்டுகினு திரியிறீங்க. ஒருத்தனுக்கு மண்ட நரச்சிப் போச்சி, இன்னொருத்தனுக்கு கொட்டிப் போச்சி" என்றாள். நான் கேட்காமல் போட்டேன்.

ஏப்ரல் முகாமும் அதே இடத்தில் நின்றது. மே மாதம் வெயிலுக்கு வண்டி வராது. ஜூன் முகாம்தான் கடைசி, அதன்பிறகு வண்டி வேறு மாவட்டத்துக்குப் போகிறது என்று ஜெபா சொல்கிறாள். முத்தம்மா மெலிந்துவிட்டாள். துடைப்பம் அவளைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறது.

நானே உட்கார்ந்து பார்க்கிறேன். கண்ணில் எதுவும் படவில்லை. நீங்கள் எல்லோரும் சுகம்தானா என்று ஒரு வரி போட்டால் போதும்.

துளசிராமன்

*

ஓசூர்
11.5.2024

அண்ணனுக்கு சுமலதா எழுதிக்கொள்வது.

நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இன்று அவரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுகிறேன்.

போன ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது அண்ணா. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் ஓரளவு வந்துவிட்டது. கை இன்னும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. கேட்பதெல்லாம் புரிகிறது, படிக்கிறார், நினைப்பதை எழுதுகிறார். சொல் மட்டும் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. மூளையில் சொல் இருக்கிறது, நாக்குக்கு வருகிற வழியில்தான் அடைப்பு, பயிற்சி செய்தால் வரும் என்கிறார் டாக்டர்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். "பாவம் என்று மச்சான் பேச ஆரம்பித்தால் அது பேச்சு இல்லை" என்று எழுதிக் காட்டினார். அண்ணியிடம் போனில் பேசும்போதெல்லாம் வேறு பேச்சை எடுத்து மழுப்பினேன். கம்ப்யூட்டரில் அவர் உனக்கு அடித்த ஒவ்வொரு எழுத்தும் இடது கையின் ஒரு விரலால் அடித்தது.

உன் ஜனவரிக் கடிதம் வரும்வரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள். அதன்பிறகு காலையில் எழுந்து தானாகச் சட்டை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அதற்காகவே உன் வசவு எல்லாவற்றையும் நான் மன்னித்தேன். "வாய் எங்கே போனது" என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு அழுகை வந்தது. அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, ஆனால் சிரிப்பு.

அடுத்த வாரமே குளியலறையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதுதான் தாமதம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஓடிவந்து நிற்காதே. பரிதாபப்பட்டு எழுதவும் செய்யாதே, அவருக்குப் பிடிக்காது. நேற்று இடது கையில் பேனா பிடித்து உனக்காக ஒரு வரி எழுதினார். கீழே ஒட்டியிருக்கிறேன்.

உன் தங்கை,
சுமலதா

"மச்சான், படத்தின் ஓரத்தில் ஆளின் பெயர்ப்பட்டை வருகிறதே, அதற்கு இடம் எந்தக் கணக்கில் எடுக்கிறார்கள்?"

*

எளாவூர்
22.6.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது இடது கையால் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? இல்லையென்றால் ஓசூரில் சொல்லிப் போடச் சொல்லுங்கள். குளியலறைக்கும்.

சுமலதா கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பலமுறை உட்கார்ந்தேன். எழுதிய எதுவும் உங்களுக்குப் பிடிக்காத மாதிரியே வந்தது. கிழித்துப் போட்டேன். ஆகையால் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரிதான். ஸ்டோரில் நான் இரண்டு கணக்கு வைத்திருந்தேன் இல்லையா? ஒன்று, இந்தப் படத்துக்கு மட்டும். படம் முடிந்ததும் அதில் எடுத்ததை எல்லாம் ஒரே வீச்சில் திருப்பிவிடலாம், ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். இன்னொன்று, கடைசிவரைக் கணக்கு. கருவியை அணைக்கும்வரை அது போகாது. கருவியை விற்றவர்கள் ஆளின் பெயர்ப்பட்டையைத் தாங்களாகச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கான இடத்தை ஒவ்வொரு படத்துக்கும் கடைசிவரைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவன் பெயரையெல்லாம் கருவி மடியில் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் நிற்கிறவளுக்கு எங்கிருந்து இடம் இருக்கும்? முதல் கோளாறு பெரியதாக இருந்ததால் இது அதன் பின்னால் ஒளிந்திருந்தது. நீங்கள் அதை நீக்கிவிட்டதால்தான் இது தெரிந்தது. பாதியில் விடுகிறவர் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஒரு சொல்தான் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன்.

முந்தாநாள் முகாம். ஷிப்டு மாறியது. பெண்கள் வந்தார்கள். முத்தம்மா இந்த முறை முதலில் ஏறவில்லை. "நா ஏறுனா படுத்துக்கும். மத்தவளுங்க போவட்டும்" என்று ஒதுங்கி நின்றாள். ஒருத்தி போனாள், படம் வந்தது. இன்னொருத்தி போனாள், வந்தது. கடைசியாக ஜெபா அவள் கையைப் பிடித்து ஏற்றினாள்.

"மூச்ச இழுத்துப் புடிம்மா."

"இழுத்தா இருமல் வருது தாயி."

"ஒரே ஒரு தபா. எனக்காவ."

பிடித்தாள். படம் வந்தது. "என் மூஞ்சி நல்லா உழுந்துதா?" என்று கேட்டாள். "மூஞ்சி இல்லம்மா, நெஞ்சுதான் உழும்" என்றாள் ஜெபா. "தோ பாரு, இதுக்குப் போயி தல வாரிகினு வந்தேன்" என்றாள் முத்தம்மா. வண்டியில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள்.

டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். காசநோய். தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டால் சரியாகும். ஆலை விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது. போடும்வரை நான் அந்த ஆபீசரின் மேசையை விட்டு நகரவில்லை.

உங்கள் பெயரை முத்தம்மாவிடம் சொன்னேன். "ஓசூர்ல இருந்தா பாத்தாரு? கண்ணு நல்லா கீது போல" என்றாள்.

துளசிராமன்

*

ஓசூர்
3.7.2024

மச்சானுக்கு,

இடது கை. கோழிக் கிறுக்கல். நீங்கள் கேட்டீர்களே என்று கையால் எழுதுகிறேன்.

முத்தம்மா செய்தியைச் சுமலதா மூன்று பேருக்குப் போனில் சொன்னாள். குளியலறையில் கம்பி போட்டாயிற்று.

காதுகுத்து அன்று நான் சொன்னது அந்த நாளோடு போயிருக்க வேண்டியது. நீங்கள் அதைக் கடைசிவரைக் கணக்கில் எடுத்துவிட்டீர்கள். எடுக்கும்படியாகப் பேசியவன் நான். அன்று சாயங்காலமே உங்களைக் கூப்பிட நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று போயிற்று. இப்போது கூப்பிட நினைத்தாலும் முடியவில்லை.

பயிற்சி தருகிற அம்மா ஒன்று சொல்கிறார். நான் சொல்லைத் தேடும்போது யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். எவ்வளவு நேரமானாலும் எதிரில் இருப்பவர் வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டுமாம். இங்கே அது நடப்பதில்லை. நான் "த" என்று ஆரம்பித்தால் நந்தினி தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறாள். சுமலதா, நான் ஆரம்பிக்கும் முன்பே கொண்டுவந்து வைக்கிறாள். பாசத்தால் என் வாயை அடைக்கிறார்கள்.

சொல் வாசல்வரை வருகிறது மச்சான். கொஞ்சம் பொறுக்கத்தான் ஆளில்லை.

அக்காவுக்கு வணக்கம்.

அன்பு

*

எளாவூர்
21.7.2024

மாப்பிள்ளைக்கு,

காலையில்தான் போனில் இருந்தோம். பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அந்தப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்தது தெரியாதே, அதற்குத்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரே யோசனை. வாயைத் திறக்காமல் காத்திருக்கும் ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் எவன் இருக்கிறான்? பதினாறு வருட அனுபவம்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கூப்பிட்டேன். சுமலதா எடுத்து, "அண்ணா!" என்றாள். நான் பேசவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. உங்கள் முன்னால் போனை வைக்கும் சத்தம் கேட்டது. உங்கள் வீட்டு மின்விசிறி கேட்டது. நீங்கள் மூச்சு விடுவது கேட்டது. நந்தினி "அப்பா, சொல்லுப்பா, ம..." என்று ஆரம்பித்ததும், சுமலதா அவள் வாயைப் பொத்தியதும் கேட்டது.

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள். கன்னியம்மா மாவுக் கையோடு வந்து, "இன்னாயா, போன வெச்சிகினு செல மாரி நிக்கிற? பேசேன்!" என்று கத்தினாள். சைகை காட்டினேன். கேட்கவில்லை. கும்பிட்டேன். நான் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை. மிரண்டுபோய்ப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. உங்கள் தொண்டையில் ஏதோ முட்டியது. நின்றது. மறுபடி முட்டியது. எனக்கு வாயில் அந்தச் சொல் வந்து நின்றது, எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கண்ணிலிருந்து என்னவோ ஒழுகிச் சட்டைக் காலர் நனைந்ததைக் கன்னியம்மா முந்தானையால் துடைத்தாள். இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

"மச்சான்" என்றுதான் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வந்தது அதுவல்ல.

"லே..." என்றீர்கள். நிறுத்தினீர்கள். மூச்சு வாங்கினீர்கள். "லே... ட்டு."

உமக்கு மூளை இழுத்தாலும் கொழுப்பு இழுக்கவில்லை, ஓய்!

முதலில் பேசியது நீங்கள். ஆகவே நான் சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு நான் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். குரல் கரகரத்ததால் சரியாக விழுந்ததோ என்னவோ. மண்டபத்தில் அன்று எல்லோரும் சிரித்தபோது சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே திரும்பிய பதில் அது. எழுதியும் வைக்கிறேன்:

"எளாவூர்ல லாரி நின்னுகினு இருந்திச்சி மாப்ள. வழி உடல."

வருகிற ஞாயிறு புறப்படுகிறேன். தோடு நந்தினிக்கு இப்போது சின்னதாக இருக்கும். பரவாயில்லை, கொண்டுவருகிறேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் ரயிலைப் பிடிப்பேன், லாரிக்கு அங்கே வேலையில்லை. அப்படியும் தாமதமானால் இந்த முறை காத்திருங்கள்.

வந்து பேசிக்கொள்வோம்.

துளசிராமன்